27 புள்ளிகளும் ஒரு கணக்குப் புத்தகமும்

இலங்கை மலைநாட்டில், தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் ஐரோப்பிய உதைபந்தாட்டத்தை விடாமல் பார்க்கும் இளைஞர்களின் தூக்கத்தை இங்கிலாந்தின் கடிகாரம்தான் தீர்மானிக்கிறது. அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே இரவு எட்டரைக்கு வரும். சம்பியன்ஸ் லீக் என்றால் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. மறுநாள் பஸ்ஸிலும் சலூனிலும் தொடரும் விவாதம் அநேகமாக ஒரே கேள்வியில் போய் நிற்கும்: முகாமையாளரை வைத்திருப்பதா, அனுப்புவதா?

மான்செஸ்டர் யுனைட்டெட் இரசிகர்கள் இதை 2024 ஒக்டோபரில் எரிக் டென் ஹாக் நீக்கப்பட்டபோது பேசினார்கள். அவருக்குப் பின் வந்த ரூபன் அமோரிமின் கீழ் அணி அந்தப் பருவத்தை 15ஆம் இடத்தில் முடித்தபோதும், 2026 ஜனவரியில் அவரும் நீக்கப்பட்டபோதும் அதையே பேசினார்கள். டென் ஹாக்கையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்புவதற்கு மட்டும் கழகத்துக்கு 10.4 மில்லியன் பவுண் செலவானது. அந்தக் காலத்திலேயே அது நூற்றுக்கணக்கான ஊழியர்களின் வேலையைப் பறித்தது. எஞ்சியவர்களுக்குக் கொடுத்துவந்த இலவச மதிய உணவையும் நிறுத்தியது. 2005இல் கிளேசர் குடும்பம் கழகத்தை வாங்குவதற்குப் பட்ட கடனில் பெரும்பங்கு கழகத்தின் தலையிலேயே கட்டப்பட்டது. இருபது வருடமாக அதற்கான வட்டியைக் கழகம்தான் கட்டிவருகிறது. மான்செஸ்டரில் இதற்காக இரசிகர்கள் வீதியில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். நமது பக்கத்து விவாதங்களில் இந்தக் கடன் ஓரமாக வந்து போய்விடுகிறது. முகாமையாளரின் முகம் திரையில் தெரிகிறது, கடனுக்கு முகமில்லை.

இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு மான்செஸ்டரை விட நமக்கு நெருக்கமான இரண்டு களங்கள் உண்டு. ஒன்று சென்னை, மற்றது நாவலப்பிட்டி.

சென்னையின் எஃப்.சி. 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கோடு பிறந்த கழகம். வீட்டா டானி, அபிஷேக் பச்சன், மகேந்திர சிங் டோனி ஆகியோர் அதன் உரிமையாளர்கள். நேரு விளையாட்டரங்கில் நீலச் சட்டையோடு நின்று ஆட்டம் முடியும்வரை பாடும் ‘பி ஸ்டான்ட் ப்ளூஸ்’, ‘சூப்பர் மச்சான்ஸ்’ போன்ற இரசிகர் குழுக்கள் அதற்கு உண்டு. கிரிக்கெட்டே மூச்சாக இருக்கும் ஒரு நகரில் அப்படியொரு கூட்டத்தைத் திரட்டியது சாதாரணக் காரியமல்ல. 2015இல் மார்க்கோ மட்டராஸியின் கீழும், 2017-18 பருவத்தில் ஜோன் கிரகரியின் கீழும் அந்தக் கழகம் கிண்ணம் வென்றது.

கிண்ணம் வென்ற கிரகரியை அடுத்த பருவமும் வைத்துக்கொண்டார்கள். 2018-19இல் அணி 18 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்று, 9 புள்ளிகளோடு பத்து அணிகளில் கடைசியாக வந்தது. பயிற்றுவிப்பாளர் மாறவில்லை, அணியின் முதுகெலும்பான வீரர்கள் பலரும் மாறவில்லை. ஒரே வருட இடைவெளியில் சம்பியன் கடைசி அணியாகிவிட்டது. 2019 டிசம்பரில் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஓவன் கொய்ல் பொறுப்பேற்றார். தடுமாறிக்கொண்டிருந்த அணி அவரோடு எழுந்து இறுதியாட்டம் வரை போனது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் பார்வையாளர் இல்லாத கோவா மைதானத்தில், ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது. அவர் போனார். வேறு சிலர் வந்துபோனார்கள். 2023இல் அவர் திரும்பி வந்தார்.

அவருடைய இரண்டாவது காலம்தான் ஆராய்ச்சிக்கு உகந்தது. 2023-24இல் 22 ஆட்டங்கள்: 8 வெற்றி, 3 சமநிலை, 11 தோல்வி, 27 புள்ளிகள், ஆறாம் இடம். ஆறாம் இடம் என்பது அடுத்த சுற்றுக்கான கடைசிக் கதவு. அதற்கு முந்திய மூன்று பருவங்களில் திறக்காத கதவு என்பதால் கொய்லுக்குப் பாராட்டு குவிந்தது. 2024-25இல் 24 ஆட்டங்கள்: 7 வெற்றி, 6 சமநிலை, 11 தோல்வி, மீண்டும் 27 புள்ளிகள். இம்முறை 13 அணிகளில் 11ஆம் இடம். ‘கொய்லை அனுப்பு’ என்ற குரல் உரத்தது.

அவசரமாகக் கொய்லுக்கு வக்காலத்து வாங்கவில்லை. இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடியும் அதே புள்ளிகளில் நிற்பது பின்னடைவுதான். ஆனால் ஆறுக்கும் பதினொன்றுக்கும் உள்ள தூரம் முழுக்க ஆட்டத்தின் தரத்தில் இல்லை. முதற் பருவத்தில் போட்டியாளர்கள் புள்ளிகளை இழந்தார்கள்; அடுத்த பருவத்தில் பஞ்சாபும் ஈஸ்ட் பெங்காலும் 28 புள்ளிகளோடு ஒரு புள்ளி முன்னே நின்றன, கேரளா பிளாஸ்டர்ஸ் 29 எடுத்தது. இரண்டு புள்ளிக்குள் நான்கு அணிகள். ஒரு ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் விழுந்த ஒரு கோல் பயிற்றுவிப்பாளரின் தலைவிதியை எழுதக்கூடிய நெருக்கம் அது.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் இதையே பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார். 1986 முதல் 2004 வரையான அந்நாட்டு முதற்பிரிவு லீக்கின் பருவங்களை எடுத்துக்கொண்டார். தொடர்தோல்வியால் பயிற்றுவிப்பாளரை மாற்றிய அணிகளை ஒரு பக்கம் வைத்தார். அதே அளவு சரிந்தும் பொறுமையாக இருந்த அணிகளை மறுபக்கம் வைத்தார். முதல் வகை அணிகள் புதியவர் வந்த பிறகு எழுந்தன. மறுவகை அணிகளும் பழையவரோடே ஏறத்தாழ அதே வேகத்தில் எழுந்தன. வழக்கத்தை விடக் கீழே விழுந்த அணி, யார் நடத்தினாலும், தன் வழக்கமான நிலைக்குத் திரும்பும் நாட்டம் கொண்டது. புதிய பயிற்றுவிப்பாளருக்குப் போகும் புகழில் பெரும்பகுதி இந்த நாட்டத்துக்கு உரியது.

அந்த வழக்கமான நிலையை எது தீர்மானிக்கிறது? இங்கிலாந்துக் கழகங்களின் கணக்குகளைப் பல வருடங்கள் தோண்டிய ஸ்டெஃபான் சைமான்ஸ்கி, நீண்டகாலச் சராசரியில் ஒரு கழகத்தின் லீக் இடத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 90 வீதத்தை அது வீரர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று காட்டினார். ஒரு தனிப் பருவத்துக்கு இது இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. இந்தியன் சூப்பர் லீக் போல சம்பள உச்சவரம்பு வைத்திருக்கும் லீக்கில் இன்னும் தளரும். 2018-19 போன்ற விபத்துகள் அங்கே நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இருந்தும் விஷயத்தின் திசை தெளிவு. சம்பளப் பட்டியல் அணியை ஒரு மட்டத்தில் வைக்கிறது. பயிற்றுவிப்பாளர் அந்த மட்டத்துக்குச் சற்று மேலேயோ கீழேயோ அதை நகர்த்துகிறார். மிகச் சிலரே பெரிதாக நகர்த்துகிறார்கள்.

கொய்லின் பழைய வரலாறே இதற்குச் சாட்சி. 2009இல் பர்ன்லி என்ற சிறு நகரத்துக் கழகத்தை பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டு, 2010 ஜனவரியில் போல்டன் வொண்டரர்ஸுக்கு மாறியவர் அவர். 2012இல் போல்டன் கீழிறங்கியது, ஒக்டோபரில் அவர் நீக்கப்பட்டார். இரசிகர்கள் அவரைத் தாராளமாகத் திட்டினார்கள். அவர் போன பின்பும் கழகம் எழவில்லை. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. கடன் 150 மில்லியன் பவுணைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு உரிமையாளர் எடி டேவிஸுக்கே கொடுக்கவேண்டியது. அவர் அதே ஊர்க்காரர், கழகத்தை நேசித்தவர். ஆனால் ஒரு மனிதரின் பணப்பையில் தங்கியிருந்த கழகம் அவர் கை சோர்ந்த நாளில் சரிந்தது. 2016இல் கழகம் கைமாறியபோது ஏறத்தாழ 125 மில்லியனை அவர் தள்ளுபடி செய்தார். அதுவும் காப்பாற்றவில்லை. 2019 மே மாதம் போல்டன் கடன்தீர்ப்பு நிருவாகத்தின் கீழ் போனது. 12 புள்ளிகள் வெட்டப்பட்டன. 1894 முதல் லீக்கில் இருந்த, பக்கத்து ஊரான பெரியின் கழகம் அதே வருடம் ஆகஸ்ட் 27ஆம் திகதி லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

இனி 2025க்கு வருவோம். சென்னையில் கொய்ல் பற்றிய விவாதம் சூடாக இருந்தபோது, அணியின் உயிர் வேறெங்கோ ஊசலாடிக்கொண்டிருந்தது. இந்தியக் கால்பந்தின் வர்த்தக உரிமையை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010 டிசம்பரில் 15 வருடத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தது. அந்த உரிமையின்படி லீக்கை நடத்திவந்தது ரிலையன்ஸ் குழுமத்தின் எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம். சம்மேளனத்துக்கு அது வருடத்துக்கு 50 கோடி இந்திய ரூபாய் கொடுத்துவந்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8இல் முடியவேண்டும். சம்மேளனத்தின் யாப்பு தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்ததால் புதிய ஒப்பந்தம் எழுத முடியவில்லை. டிசம்பருக்குப் பின் என்ன என்று தெரியாமல் பருவத்தைத் தொடங்க முடியாது என்று ஜூலை 11 அன்று எஃப்.எஸ்.டி.எல். லீக்கை நிறுத்திவைத்தது.

லீக் இல்லையென்றால் ஒளிபரப்புப் பணமில்லை, நுழைவுச்சீட்டு இல்லை, சட்டையில் பெயர் போட அனுசரணையாளரும் இல்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. அடுத்த சில நாட்களில் சென்னையின் எஃப்.சி. தன் செயற்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. புல் வெட்டுபவர், உடை துவைப்பவர், சிறுவர் அணிகளைப் பயிற்றுபவர் எல்லோரும் அந்த ‘செயற்பாடுகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் யாப்புக்கு அனுமதி கொடுத்தது. அதன் பின் கோரப்பட்ட கேள்விப்பத்திரத்துக்கு நவம்பர் கெடு முடியும்வரை ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள் பீபாவிடம் தலையிடக் கேட்கும் நிலை வந்தது. கடைசியில் 14 கழகங்கள் ஒன்றையொன்று ஒரேயொரு முறை சந்திக்கும் குறுகிய லீக், 91 ஆட்டங்களோடு, பெப்ரவரி 14இல் தொடங்கும் என்று முடிவானது. இந்த இடைவெளியில் கொய்ல் விலகியிருந்தார். கிளிஃபர்ட் மிராண்டா அவர் இடத்துக்கு வந்திருந்தார். இரசிகர்கள் பருவம் முழுக்கக் கேட்ட மாற்றம் நடந்தபோது, ஆடுவதற்கு லீக் இல்லை.

சென்னை இரசிகர் இதில் எதைக் கேட்டிருக்க முடியும்? கழகம் ஒரு தனியார் நிறுவனம். பொதுக்கூட்டத்துக்குள் நுழைய அவருக்கு உரிமையில்லை, கணக்கைக் கேட்கச் சட்டமில்லை. பத்து வருடம் மழையிலும் வெயிலிலும் பாடியவருக்குக் கழகத்தில் இருந்த பங்கு நுழைவுச்சீட்டின் அரைத்துண்டு மட்டுமே. ஜேர்மனியில் 1998 முதல் இருக்கும் ஐம்பது-கூட்டல்-ஒன்று விதிப்படி, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். இங்கிலாந்தோ பெரி போன்ற அழிவுகளைப் பார்த்த பின்பு, கழகங்களின் நிதியைக் கண்காணிக்கவும் இரசிகர்களைக் கலந்தாலோசிக்கக் கட்டாயப்படுத்தவும் 2025 ஜூலையில் தனிச்சட்டமே இயற்றியது. இந்திய லீக் நின்றதும் அதே ஜூலையில்தான்.

நமது மலைநாட்டின் நிலை சென்னைக்கு நேர் எதிரானது.

2021 ஏப்ரலில் இலங்கையில் சூப்பர் லீக் தொடங்கியபோது அதிலிருந்த பத்துக் கழகங்களில் ஒன்று நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ். கண்டி மாவட்டத்திலிருந்து தொழில்முறை உதைபந்தாட்டத்துக்குப் போன ஒரே பெயர். மற்றவற்றைப் பாருங்கள்: கொழும்பு எஃப்.சி., ரினவுன், ரட்ணம் மூன்றும் தலைநகரத்தவை. களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ் கரையோரத்தவை. டிபெண்டர்ஸ், சீ ஹோக்ஸ், புளூ ஈகிள்ஸ் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படையின் அணிகள். சைமான்ஸ்கியின் சம்பளப் பாடத்தை இந்தப் பட்டியலில் பொருத்தினால் ஒரு விஷயம் வெளிச்சமாகிறது. மூன்று கழகங்களின் வீரர்களுக்கு அரசாங்கம் மாதச் சம்பளமும் தங்குமிடமும் சாப்பாடும் ஓய்வூதியமும் கொடுக்கிறது. அவர்களோடு மோதிய மலைநாட்டுக் கழகம் ஊர் வர்த்தகர்களையும் அனுசரணையாளர்களையும் நாடவேண்டியிருந்தது. ஆட்டங்கள் பெரும்பாலும் கொழும்பில் நடந்தன. நூறு கிலோமீற்றருக்கு மேல் மலையிறங்கிப் போய், சொந்த ஊர் இரசிகர்கள் இல்லாத மைதானத்தில் ஆடிவிட்டு வரவேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்ததும் அந்த வருடம்தான். கொழும்புக்குப் போய் ஒரு ஆட்டம் பார்த்து வருவது அந்தச் சம்பளத்துக்கு எட்டாத காரியம். நுழைவுச்சீட்டு வருமானம் எங்கிருந்து வரும்?

அந்தச் சூப்பர் லீக்கை வென்ற புளூ ஸ்டார், ஆசியக் கிண்ணக் கழகப் போட்டிக்குப் போனது. 2022 ஏப்ரல் 5 அன்று காத்மண்டுவில் நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2-1 என்று வென்றது. இலங்கைக் கழகமொன்றுக்கு அது பெருமைக்குரிய இரவு. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5-0 என்று தோற்றது. நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததும் அதே ஏப்ரல் 12இல். ஐந்து கோல்களுக்கு அன்று பயிற்றுவிப்பாளரைக் குறைசொல்லியிருக்கலாம். எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் நாட்டைப் பிடித்திருந்த வாரங்களில் அந்த அணி எப்படிப் பயிற்சி செய்தது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த ஐந்து கோலுக்கு நியாயமான விளக்கம் கிடைக்கும்.

அதன் பிறகு வந்தது இன்னும் மோசம். இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தேர்தலை எப்படி நடத்துவது, யாப்பை யார் திருத்துவது என்பதில் விளையாட்டு அமைச்சும் சம்மேளனமும் இழுபட்டன. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம், அரசியல் தலையீட்டைச் சகிக்காத பீபாவின் விதிகளோடு முட்டிக்கொண்டது. 2023 ஜனவரி 14இல் நடந்த தேர்தலில் மலையக அரசியலிலிருந்து வந்த ஜெ. ஸ்ரீரங்கா தலைவராகத் தெரிவானார். ஒரு வாரத்தில், ஜனவரி 21 அன்று, பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் இறுதிவரை தடை நீடித்தது. செப்டம்பரில் மறுதேர்தல் நடந்து ஜஸ்வர் உமர் மீண்டும் தலைவரானார். இந்தியாவும் 2022 ஆகஸ்டில் இதே மாதிரித் தடையைச் சந்தித்தது, ஆனால் பதினொரு நாளில் வெளியே வந்துவிட்டது. நமக்கு ஏழு மாதம் எடுத்தது. இருபது வயது வீரனுக்கு ஏழு மாதம் என்பது அவன் விளையாட்டு வாழ்வில் கணிசமான பங்கு. அதை யாரும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இவ்வளவு இழந்த பின்பும் நம்மிடம் ஒரு பலம் இருக்கிறது. சென்னை இரசிகருக்கு இல்லாத பலம். இலங்கையில் ஊர்க் கழகம் என்பது உறுப்பினர்களின் சங்கம். அதற்கு யாப்பு உண்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு, வருடாந்தப் பொதுக்கூட்டம் உண்டு. தெல்தோட்டைப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவுசெய்துகொள்ளும் மிகச் சிறிய தோட்டக் கழகத்துக்கும் இந்த அமைப்புத்தான். உறுப்பினர் எழுந்து நின்று பொருளாளரிடம் கணக்குக் கேட்கலாம். கழகங்கள் சேர்ந்து லீக்கை அமைக்கின்றன, லீக்குகளின் வாக்குதான் சம்மேளனத்தின் தலைவரைத் தெரிவுசெய்கிறது. ஜேர்மன் இரசிகர் லீக் விதியின் துணையோடு காத்துவைத்திருக்கும் உரிமையை நாம் பிறப்பிலேயே வைத்திருக்கிறோம்.

அந்த உரிமை எப்படிப் பயன்படுகிறது? மலைநாட்டில் பொதுக்கூட்டம் என்றால் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும், யாரோ முன்மொழிவார், யாரோ வழிமொழிவார், தேநீர் வந்துவிடும். காரசாரமான பேச்சு அணித் தெரிவில்தான் நடக்கும்: யார் முன்களத்தில் ஆடுவது, பயிற்றுவிப்பாளர் ஏன் தன் தோட்டத்துப் பையனையே இறக்குகிறார். இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அது இல்லாமல் உதைபந்தாட்டமே இல்லை. ஆனால் அதே ஆவேசத்தில் பாதியையாவது கணக்குக்குக் கொடுக்கவேண்டும். சப்பாத்துக்கும் பந்துக்கும் பஸ்ஸுக்கும் போன காசு எவ்வளவு? அரசியல்வாதி ஒருவர் தந்த பணம் கழகக் கணக்கில் வந்ததா, கையில் வந்ததா? ஒரே அனுசரணையாளர் கைவிட்டால் அடுத்த வருடம் ஆட முடியுமா? போல்டனை விழுத்தியது இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் நேரத்தோடு கேட்காததுதான்.

கேள்வி கழகத்தோடு நிற்கவும் கூடாது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட நாளிலிருந்து இந்தச் சரிவுகளில் தட்டையான நிலம் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு மிஞ்சியது பள்ளிக்கூட முற்றமும், ஒரு பக்கம் சரிந்த தோட்ட மைதானமும்தான். முழு அளவு மைதானம் ஒன்றை வெட்டி எடுக்க ஊர்க்காசு போதாது. பீபாவின் அபிவிருத்தித் திட்டத்தில் 2023 முதல் 2026 வரையான சுழற்சிக்கு ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் 8 மில்லியன் அமெரிக்க டொலர் வரை பெறலாம். 5 மில்லியன் நிருவாகச் செலவுக்கு, 3 மில்லியன் மைதானம் போன்ற திட்டங்களுக்கு. இடைநிறுத்தப்பட்டிருந்த ஏழு மாதமும் இலங்கைக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. திறந்த பிறகு வந்தது எவ்வளவு, அதில் கண்டி மாவட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, நாவலப்பிட்டிக்கு என்ன, தெல்தோட்டைக்கு என்ன என்று அடுத்த சம்மேளனத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் லீக் பிரதிநிதி கேட்கவேண்டும். அவர் கேட்கவேண்டுமானால், அவரை அனுப்பும் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எழுதிக் கையில் கொடுக்கவேண்டும். சுழற்சி 2026 டிசம்பரில் முடிகிறது.